‘அடியோட விட முடியாது, கம்மி பண்ணிக்கறேன்’ என்கிறார் கணவர்... ஒத்துக்கொள்ளலாமா?

மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து 38 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

வாசகிக்குத் தையல் வேலை. மகள் இருக்கிறாள். கணவருக்கு வயது 43. லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். சம்பள நாளான சனிக்கிழமை மட்டும் என்று ஆரம்பித்த குடி, 11 வருடத்தில் தினம் ஒரு ஆஃப் என்று ஆகிவிட்டது. மூன்று முறை நிறுத்தியிருக்கிறார். முதல் முறை சபரிமலைக்கு மாலை போட்டபோது. மூன்றாம் நாள் காலை வலிப்பு வந்து விழுந்தார். விரதத்தில் ஏதோ குறை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இரண்டாவது முறை, கடன் வாங்கி ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம் சேர்த்தார்கள். அங்கே அடி வாங்கியதாகச் சொல்கிறார். வீடு திரும்பிய ஒன்பதாம் நாள் குடித்துவிட்டார். மூன்றாவது முறை, கோயிலில் கயிறு கட்டி ஐந்து மாதம் தொடாமல் இருந்தார். அக்கா பேரனின் காதுகுத்தில் ஒரு கட்டிங் போட்டார். ‘கயிறுதான் அறுந்துபோச்சே’ என்று அடுத்த பத்து நாளும் பட்டறைப் பக்கமே போகவில்லை.

போன மாதம் ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருப்பது தெரிந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனையிலும் கல்லீரல் அளவுகள் கூடியிருக்கின்றன. அதற்குப் பிறகு ஒரு ராத்திரி அவராகவே பேச்சை எடுத்திருக்கிறார்: “என்னால அடியோட விட முடியாது. கம்மி பண்ணிக்கறேன். வாரத்துக்கு ரெண்டு நாள், நாளுக்கு ஒரு குவார்ட்டர். ஒத்துக்கறயா?”

‘குடிகாரன் பேச்சு பொழுது விடிஞ்சா போச்சு’ என்கிறார் வாசகியின் அண்ணன். மையத்துக்காரர்களை வண்டியோடு வரச்சொல்லித் தூக்கிக்கொண்டு போக வைப்பதுதான் வழி என்பது அவர் கட்சி. மாமியார் யாரிடமோ ஒரு பொடி வாங்கி வைத்திருக்கிறார், சாம்பாரில் கலந்துவிட. “நான் சரின்னு சொன்னா, குடிக்க நானே லைசென்ஸ் கொடுத்த மாதிரி ஆகாதா டாக்டர்? இப்படிக் குறைச்சுக் குடிச்சு யாராவது நல்லா ஆகியிருக்காங்களா?” என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

முதலில் ஒன்று. உங்கள் கணவர் சொன்னதை ஏமாற்று வேலை என்று தள்ளிவிடாதீர்கள். மாலையும் கயிறும் அவராகக் கட்டிக்கொண்டவைதான். ஆனால் தன்னால் எது முடியும், எது முடியாது என்று 11 வருடத்தில் இப்போதுதான் உங்களிடம் வாய்விட்டுப் பேசியிருக்கிறார். ஒரு மருத்துவனாக அந்தப் பேச்சை நான் பெரிதாக மதிக்கிறேன். அதே சமயம், அவர் கேட்கிற அந்த ‘ரெண்டு நாள், ஒரு குவார்ட்டர்’ கணக்கு அவர் உடம்புக்கு ஒத்துவராது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் நீங்கள் அவரிடம் பேச வேண்டியிருக்கிறது.

குறைத்துக் குடித்து நல்லபடியாக ஆனவர்கள் உண்டா?

உண்டு. ஆனால் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1962இல் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையைச் சேர்ந்த டேவிஸ் என்ற மனநல மருத்துவர், தாங்கள் சிகிச்சை கொடுத்த 93 குடிநோயாளிகளில் 7 பேர் பிற்பாடு அளவாகக் குடித்துக்கொண்டு சாதாரண வாழ்க்கை வாழ்கிறார்கள் என்று எழுதினார். ‘குடிநோயாளி ஒரு சொட்டுகூடத் தொடக்கூடாது’ என்பது வேதவாக்காக இருந்த காலம் அது. பெரிய சண்டையே நடந்தது. இருபது வருடத்துக்கு மேல் கழித்து கிரிஃபித் எட்வர்ட்ஸ் என்ற இன்னொரு மருத்துவர் அதே ஏழு பேரையும் தேடிப்போய் விசாரித்தார். ஐந்து பேருக்குக் குடிப் பிரச்சினை தொடர்ந்துதான் இருந்திருக்கிறது. இரண்டு பேர் மட்டும் தொந்தரவில்லாமல் குடித்துவந்திருக்கிறார்கள். அந்த இருவரிலும் ஒருவர் ஆரம்பத்திலேயே தீவிரமான அடிமை நிலைக்குப் போகாதவர்.

இன்று வரை எங்கள் அனுபவமும் ஏறக்குறைய இதுதான். கை நடுக்கம், வலிப்பு எதுவும் இல்லாமல், வேலைக்கும் ஒழுங்காகப் போய்க்கொண்டு, கொஞ்சம் அத்துமீறிக் குடிக்கிற ஒருவர் குறைத்துக்கொள்ள முடியும். பலர் குறைத்தும் இருக்கிறார்கள். உடம்பே சாராயத்துக்குப் பழகிப்போய், நிறுத்தினால் வலிப்பு வருகிற நிலைக்குப் போன ஒருவருக்கு அளவாகக் குடிப்பதுதான் முழுசாக நிறுத்துவதைவிடக் கஷ்டம். முதல் குவார்ட்டர் உள்ளே போனதும் ‘போதும்’ என்று முடிவெடுக்க வேண்டிய மூளை, அந்த நேரத்தில் அவர் வசம் இருக்காது.

அதற்காக, ‘முழுசாக விடுகிறேன் என்று சத்தியம் செய்தால்தான் வைத்தியம்’ என்று வாசலிலேயே நிறுத்துவதும் தவறு. மருத்துவர்களுக்குச் சிகிச்சை முறைகளை வகுத்துத் தரும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது: தீவிரமாக அடிமைப்பட்டவருக்கு முழு நிறுத்தமே நல்லது என்று அழுத்தமாக எடுத்துச்சொல்லுங்கள், அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காகச் சிகிச்சையை மறுக்காதீர்கள். என் நிலைப்பாடும் அதுவே. இப்போது தினம் ஒரு ஆஃப் குடிப்பவர், நாளைக்கு ஒரு குவார்ட்டர் என்று இறங்கினாலே ரத்த அழுத்தமும் தூக்கமும் கல்லீரலும் ஓரளவு தேறும். வண்டியிலிருந்து விழுகிற வாய்ப்பும் குறையும். அந்த லாபத்தை ‘பூஜ்ஜியம் இல்லையே’ என்று தூக்கி எறிய முடியாது. போதை ஊசி பழக்கத்தில் நம் நாட்டின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டமே ஊசிக்குப் பதிலாக புப்ரெனார்ஃபின் மாத்திரை தருகிறது. முழுக்கச் சுத்தமாகும் வரை உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா?

குவார்ட்டர் என்பது எவ்வளவு?

இதைச் சரியாகத் தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை தீரும். டாஸ்மாக்கில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாம் பொதுவாக 42.8 சதவீதம். 180 மில்லி குவார்ட்டரில் ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால். மருத்துவத்தில் ஒரு ‘அளவு’ என்பது 10 கிராம். ஆக, ஒரு குவார்ட்டர் என்பது ஆறு அளவு. அவர் காதுகுத்தில் போட்ட கட்டிங்கே மூன்று அளவு. இப்போது தினம் குடிக்கிற ஆஃப் சுமார் 120 கிராம். ஆண்களுக்கு நாளைக்கு 100 கிராமைத் தாண்டினால் ‘மிக அதிக ஆபத்து’ என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்துகிறது.

அவர் கேட்கிற கணக்குப்படி, வாரத்துக்கு 840 கிராம் 120 கிராமாகக் குறையும். காகிதத்தில் அது பெரிய இறக்கம். ஆனால் ஒரே உட்காரலில் 60 கிராம் என்பது, ‘மிதமிஞ்சிய குடி’ என்று அதே நிறுவனம் கோடு போட்டிருக்கிற இடம். அவர் மிதம் என்று நினைப்பது அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறது. ‘அப்ப பீருக்கு மாறிக்கறேன்’ என்று நாளைக்குச் சொல்லலாம். நிறையப் பேர் சொல்வார்கள். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒன்றில் சுமார் 40 கிராம் இருக்கிறது. இரண்டு பாட்டில் குடித்தால் குவார்ட்டரைத் தாண்டிவிடும்.

அந்த வலிப்பு

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் பயமுறுத்தியது இதுதான். நீங்களோ ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். அது தெய்வக் குறை இல்லை. பல வருடம் தினம் குடித்த மூளை, சாராயத்தின் அமுக்கத்தை ஈடுகட்ட எப்போதும் முடுக்கிவிட்டபடியே ஓடப் பழகியிருக்கும். சாராயத்தைத் திடீரென்று எடுத்துவிட்டால் அந்த முடுக்கத்துக்குத் தடையே இல்லாமல் போகும். நிறுத்திய 6 முதல் 12 மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும், முதல் இரண்டு நாளில் வலிப்பும், இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆள் தெரியாத குழப்பமும் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவதும் வரலாம். வைத்தியம் இல்லாமல் விட்டால் இதில் உயிர் போகும். ஒரு முறை வலிப்பு வந்தவருக்கு அடுத்த முறை நிறுத்தும்போது வருகிற வாய்ப்பு கூடுதல். மாலை போடுவதிலோ கயிறு கட்டுவதிலோ எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த நம்பிக்கைதான் அவரை ஐந்து மாதம் தாங்கியிருக்கிறது. தினம் குடிக்கிறவர் மாலை போடுவதற்கு முன் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுப் போனால் போதும் என்பதுதான் நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பது.

ஆகவே வீட்டில் வைத்துத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். வீட்டில் வைத்து நீங்களாக அளந்து குறைக்கவும் வேண்டாம். இரண்டையும் மருத்துவமனையில் செய்ய வேண்டும். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கிற லோராசிபாம் போன்ற மருந்தை முதலில் கூட்டிக் கொடுத்து, ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள். குடிப்பவர்களுக்கு அது குறைந்துபோனால் ஞாபகசக்தியே நிரந்தரமாகப் பழுதாகும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இந்த வைத்தியம் இலவசம்.

பொடியும் வண்டியும்

மாமியார் வாங்கி வைத்திருக்கும் பொடியை இன்றே அப்புறப்படுத்துங்கள். பெற்ற மனம் படும் பாடு எனக்குப் புரிகிறது. ஆனால் இப்படி விற்கப்படும் பொடிகள் சிலவற்றில் இருப்பது டைசல்பிராம் என்ற மருந்து; என்ன இருக்கிறது என்றே தெரியாத பொடிகளும் உண்டு. டைசல்பிராம் உடம்பில் இருக்கும்போது குடித்தால், சாராயம் முழுதாகச் செரிக்காமல் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாகத் தேங்கும். சில நிமிடத்தில் முகம் சிவந்து, தலை வெடிப்பது போல வலித்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும். இதயம் நின்றுபோவதும் உண்டு. கடைசி வேளை மருந்துக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து இருக்கிறது. சிலருக்கு அந்த மருந்தே கல்லீரலைக் கெடுக்கும். உங்கள் கணவருக்கோ ஏற்கெனவே கல்லீரல் சரியில்லை. தெரிந்து, சம்மதித்து, பரிசோதனைகளோடு சாப்பிடுபவருக்கு டைசல்பிராம் நல்ல மருந்துதான். சாம்பாரில் கலந்தால் அது விஷம் வைப்பதற்குச் சமம். ஏதாவது நடந்தால் சட்டத்தின் முன் நிற்கப்போவது நீங்களும் உங்கள் மாமியாரும்.

அண்ணன் சொல்லும் வண்டி விஷயத்துக்கும் நேராகவே பதில் சொல்கிறேன். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்து வரும் மனநலப் பாதிப்புகளும் மனநோய்க்குள் அடங்கும். அப்படியென்றால் நோயாளிக்குரிய எல்லா உரிமையும் அவருக்கு உண்டு. அவர் சம்மதமில்லாமல் சேர்ப்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையிலோ, தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலையிலோ அவர் இருக்க வேண்டும். மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பார்த்துச் சான்று தர வேண்டும். அதிகபட்சம் 30 நாள். அதற்கு மேல் போக வேண்டுமானால் தனி நடைமுறை. ராத்திரியில் நாலு பேர் வந்து கையைக் கட்டித் தூக்கிப்போவது இதில் எதிலும் சேராது. அடிப்பதும் கொடுமைப்படுத்துவதும் குற்றம். சங்கிலியால் கட்டுவதைச் சட்டம் அடியோடு தடுக்கிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிய மாநிலம் இது. அதை நாம் மறக்கக்கூடாது. எந்த மையமாக இருந்தாலும், மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா, மனநல மருத்துவர் யார், குடும்பத்தார் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அவரிடம் என்ன சொல்லலாம்?

‘சரி’ என்றும் சொல்ல வேண்டாம், ‘முடியாது’ என்றும் சொல்ல வேண்டாம். “நீங்க கேட்டது நியாயமான கேள்விதான். உங்க உடம்புக்கு அது ஆகுமான்னு ரெண்டு பேரும் சேர்ந்து போய் டாக்டர்கிட்டயே கேப்போம்” என்று சொல்லிப் பாருங்கள். குடிக்காத நேரத்தில், மகள் பக்கத்தில் இல்லாதபோது.

மருத்துவர் ‘ஆயுசுக்கும் தொடாதே’ என்று ஆரம்பிக்க வேண்டியதில்லை. நானாக இருந்தால் மூன்று மாதம் கேட்பேன். வலிப்பும் கல்லீரலும் இருப்பதால் இந்த மூன்று மாதத்தில் ஒரு சொட்டும் வேண்டாம் என்பேன். முடிந்ததும் அதே ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுத்து அவர் கையிலேயே கொடுப்பேன். கொழுப்புக் கல்லீரல், குடியை நிறுத்தினால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடக்கூடிய கட்டம். தன் கல்லீரல் தேறுவதைத் தானே எண்களில் பார்க்கிறவர், அடுத்த மூன்று மாதத்தைத் தானே கேட்டு வாங்குவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். ஒருவேளை கல்லீரல் இறுகத் தொடங்கியிருப்பது தெரிந்தால், அதன் பிறகு குறைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதை அவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இந்த மாதங்களை மன உறுதியை மட்டும் நம்பித் தாண்ட வேண்டியதில்லை. நால்ட்ரெக்ஸோன் என்ற மாத்திரை, குடியால் மூளைக்குக் கிடைக்கும் அந்தச் சுகத்தைத் தடுக்கிறது. 1994இல் இருந்தே அமெரிக்காவில் குடிநோய்க்கு அனுமதிக்கப்பட்ட மருந்து; இங்கேயும் கிடைக்கிறது. முழுசாக விட மனமில்லாதவர்களுக்குக் குடியின் அளவைக் குறைக்கவும் இது உதவுகிறது. கல்லீரல் அளவுகள் மிகக் கூடியிருந்தால் தர யோசிப்போம். டிரமடால் போன்ற வலி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆகாது. வெல்டிங் வேலையில் முதுகுவலிக்கு அவர் ஏதாவது சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். அகாம்ப்ரோசேட், பேக்லோஃபென் என்று வேறு மருந்துகளும் உண்டு. எது பொருந்தும் என்பதைப் பரிசோதித்த மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது அந்தக் கயிறு. ஐந்து மாதம் நின்றவர் ஒரு கட்டிங்கில் ஏன் பத்து நாள் மூழ்கினார்? சத்தியம் உடைந்தது என்ற குற்ற உணர்ச்சிதான் அவரை அந்தப் பத்து நாளுக்குள் தள்ளியது. ‘கெட்டது கெட்டாச்சு, இனி என்ன’ என்ற இந்த மனநிலையை அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லாட் விரிவாக ஆராய்ந்தார். வழுக்குவது வேறு, விழுந்து கிடப்பது வேறு என்று அவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். ஒரு நாள் குடித்துவிட்டால் மறைக்காமல் உங்களிடம் சொல்வார், மறுநாளே மருத்துவரைப் பார்ப்பார், நீங்களும் அன்றைக்குச் சண்டை போடமாட்டீர்கள் என்று ஒரு ஒப்பந்தம். அந்த ஐந்து மாதத்தையும் கணக்கிலிருந்து அழிக்காதீர்கள். 150 நாள் குடிக்காமல் இருக்கத் தெரிந்தவர் அவர்.

‘அநாமதேய குடிநோயாளர்கள்’ கூட்டங்களும் அவருக்குப் பயன்படலாம். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் தொடங்கிய இந்த இயக்கம், இன்றைக்கு மட்டும் குடிப்பதில்லை என்று ஒவ்வொரு நாளாகத் தாண்டச் சொல்கிறது. முழு நிறுத்தம்தான் அவர்கள் வழி. போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

உங்கள் லைசென்ஸ் பயம்

அவர் எவ்வளவு குடிக்கிறார் என்பது உங்கள் கையில் இல்லை, சகோதரி. இத்தனை வருடம் நீங்கள் கொடுத்த அனுமதியிலா அவர் குடித்தார்? ஆனால் ஒரு விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள். ‘வெளியே வேண்டாம், வீட்டிலேயே வெச்சுக்கங்க, நான் அளந்து ஊத்தறேன்’ என்று சில மனைவிமார் இறங்குகிறார்கள். பாட்டிலுக்குக் காவலாளி வேலை உங்களுக்கு வேண்டாம். அளவு தவறுகிற ஒவ்வொரு நாளும் தப்பு உங்கள் மேல் விழும். வாங்கிக் கொடுக்காதீர்கள், ஊற்றிக் கொடுக்காதீர்கள், பட்டறை முதலாளியிடம் அவருக்காகப் பொய் சொல்லாதீர்கள். தையலில் வரும் உங்கள் பணம் உங்கள் பெயரில் உள்ள கணக்கிலேயே இருக்கட்டும். கை ஓங்கியதாக நீங்கள் எழுதவில்லை. எப்போதாவது அப்படி நடந்தால் 181க்கு அழையுங்கள். மனம் தாங்காத நேரத்தில் 14416 மனநல உதவி எண் உங்களுக்கும்தான். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446.

மருத்துவமனைக்குப் போகும் நாளில், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவுகள், அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். வலிப்பு வந்த விஷயத்தை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அன்று காலை குடிக்காமல் வர வேண்டும் என்று நிபந்தனை போடாதீர்கள். அதற்காக முந்தின நாளே நிறுத்தி, பஸ்ஸில் வலிப்பு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர் பைக் ஓட்டக்கூடாது. உங்கள் அண்ணனை வரச் சொல்லுங்கள். தூக்கிக்கொண்டு போகத் தயாராக இருக்கிறவர், பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிக்கொண்டு வரட்டும். வழியில் நடுக்கம் கூடினாலோ பேச்சு குழறினாலோ காத்திருக்காமல் 108.